நாலு குடம் தண்ணீர்

சினிமா விமர்சனம் படித்திருப்பீர்கள். புத்தக விமர்சனம், ஹோட்டல் விமர்சனம்கூடப் படித்திருப்பீர்கள். இந்த வாரம் ஒரு மீன் தொட்டியை விமர்சனம் செய்யப்போகிறேன். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு ஹாலிலும் ஒன்று இருக்கலாம். அல்லது ஒரு காலத்தில் இருந்து, இப்போது மொட்டை மாடியில் பழைய செருப்பும் உடைந்த மின்விசிறியும் போட்டுவைக்கிற பெட்டியாக மாறியிருக்கலாம்.

அருப்புக்கோட்டையில் என் தம்பி புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது பூஜை அறை இல்லை, டி.வி. இல்லை. ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுச் சுவரில் பதித்த மீன் தொட்டி. ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். உள்ளே எட்டுத் தங்க மீன், ஒரு கறுப்பு மீன். மொத்தம் ஒன்பது.

“அதென்னடா கணக்கு?”

“சீன வாஸ்துண்ணே. எட்டும் பணத்தக் கொண்டாரும். கறுப்பு மட்டும் வீட்டுக்கு வர்ற கெட்டத வாங்கிக்கும்.”

அந்தக் கறுப்பு மீனைப் பார்த்தேன். அரசாங்க அலுவலகத்தில் புகார்ப் பிரிவுக்கு மாற்றப்பட்ட குமாஸ்தா மாதிரி ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தது.

முதல் விமர்சனத்தை அன்றைக்கே மனசுக்குள் எழுதிவிட்டேன். ஒளிப்பதிவு: நீல விளக்கு, பிரமாதம். கலை இயக்கம்: பிளாஸ்டிக் பவளம், வாயைத் திறந்து திறந்து மூடும் சிப்பி, மூழ்கிய கப்பல் ஒன்று. அருப்புக்கோட்டைக்கும் மூழ்கிய கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. பின்னணி இசை: ஏர் பம்ப்பின் ‘கொர்ர்ர்’. நட்சத்திரப் பட்டாளம்: பார்க்க அழகு. கதை? அதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

பத்து நாள் கழித்து போன். “அண்ணே, எட்டும் போச்சு. கறுப்பு மட்டும் வாயப் பொளந்துக்கிட்டு மேலயே நிக்குது.” மறுநாள் அதுவும் போனது.

இதுவரை இது சாதாரண விஷயம். கலர் மீன் வளர்த்த பத்து வீட்டில் ஒன்பது வீட்டின் கதை இதுதான். என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்தது மீன்கள் இல்லை. தம்பி மகள். அஞ்சாம் வகுப்பு படிக்கிறாள். போனை வாங்கி, “பெரியப்பா, அதெல்லாம் ஏன் செத்துச்சு?” என்று கேட்டாள். பின்னால் தம்பியின் குரல் கேட்டது: “விடு பாப்பா, சாயங்காலம் வேற வாங்கிக்கலாம்.”

வாங்கினார்கள். அதுவும் செத்தது. மறுபடி வாங்கினார்கள். மூன்று மாதத்தில் தம்பி வாங்கிய மீன் 31. கையிருப்பு பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் தொட்டித் தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கூழாங்கல்லை சோப்புப் போட்டுக் கழுவி, ஃபில்டரைக் குழாயடியில் பிழிந்து காயவைத்து, புதுத் தண்ணீர், புது மீன். அந்தக் குழந்தையின் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

மீன் சாப்பிடுகிறது. கழிவு போகிறது. அதில் பெரும்பங்கு அம்மோனியா. பெரும்பாலும் செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. ஆற்றிலும் கண்மாயிலும் அது கரைந்து பரவி ஒன்றுமில்லாமல் போய்விடும். கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்? அங்கேயேதான் சுற்றும். மீன், தான் கழித்த விஷத்தையே சுவாசிக்கும். கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் அடுப்பு மூட்டிய மாதிரி.

இதற்கு இயற்கை வைத்திருக்கிற ஆள், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதில் விஷம் மிகக் குறைவு. செடிக்கு அது உரம். மீதியை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றி நாம் வெளியேற்ற வேண்டும். அவ்வளவுதான் தொட்டியின் கதை, திரைக்கதை, வசனம் எல்லாம்.

இந்த பாக்டீரியாக்கள் கடையில் வாங்கிய புதுத் தொட்டியில் கிடையாது. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் மெதுவாகக் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தம்பிக்குக் கடைக்காரர் அன்றைக்கே தொட்டி, அன்றைக்கே தண்ணீர், அன்றைக்கே ஒன்பது மீன் கொடுத்தார். அதாவது சாக்கடையே கட்டாத புதுத் தெருவில் ஒன்பது குடும்பத்தைக் குடிவைத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் தம்பி செய்தது இன்னும் மோசம். ஃபில்டரில் நாலு பாக்டீரியா குடியேற ஆரம்பிக்கும் சமயமாகப் பார்த்து, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து அதையும் ஒழித்தான். சுத்தம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சுத்தம் செய்ய வந்தவர்களைத்தான் கொன்றான்.

இதில் எங்கள் ஊருக்கென்றே ஒரு தனி வில்லன் உண்டு. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. உப்பும் காரமும் கலந்த தண்ணீர். அம்மோனியாவின் சுபாவம் என்னவென்றால், தண்ணீரின் கார அளவு ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால், அதில் மீனைக் கொல்லக்கூடிய பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். சூடு ஏற ஏற அது இன்னும் கூடும். போதாததற்கு, சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் பிடித்துவைக்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் ஹால் எவ்வளவு சூடாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தங்க மீனோ சீனாவில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கெண்டை இனத்திலிருந்து வளர்த்தெடுத்த குளிர்நீர் மீன். அதைக் கொண்டுவந்து கரிசக்காட்டு வெயிலில் வைத்து, “பணத்தைக் கொண்டா” என்றால் அது என்ன செய்யும்?

ஒரு தகவல். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்கிற தங்க மீன் 1999 வரை உயிரோடு இருந்தது. 43 வருஷம்! நம் வீடுகளில் பத்து நாள். ‘தங்க மீன்னா அப்படித்தான் சார், சீக்கிரம் போயிரும்’ என்கிறோமே, அது மீனின் ஆயுள் இல்லை. நம் தண்ணீரின் ஆயுள்.

*

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் பற்று வரவு. தம்பி வீட்டுத் தொட்டிக்கு ஒரு கணக்குப் போட்டேன்.

தொட்டியின் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். பிளாஸ்டிக் குடத்தில் சொன்னால் நாலு குடம். அருப்புக்கோட்டையில் வளர்ந்தவனுக்கு லிட்டர் கணக்கு புரியாது. குடம்தான் எங்கள் கரன்சி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தெருக் குழாயில் தண்ணீர் வருவது ஒரு திருவிழா மாதிரி. என்றைக்கு வரும் என்று தெரியாது. வந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கும் தெருவே விழித்துக்கொள்ளும். அந்த ஊரில் ஹால் அலங்காரத்துக்கு நாலு குடம் தண்ணீர் நிற்கிறது என்றால், அதற்கு ஒரு நியாயம் வேண்டும் இல்லையா?

இப்போது கணக்கு. தம்பி முறை: முதல் தடவை 4 குடம். மூன்று மாதத்தில் ஐந்து தடவை மொத்தமாகக் கொட்டி நிரப்பினான். அது 20. ஆக 24 குடம், 31 மீன். சரியான முறை: முதல் தடவை 4 குடம். அப்புறம் வாரத்துக்குக் கால் பங்கு, அதாவது ஒரு குடம் மட்டும் எடுத்துவிட்டு ஒரு குடம் ஊற்றுவது. 13 வாரத்துக்கு 13. ஆக 17 குடம். மீன் உயிரோடு இருக்கும். அந்தப் பழைய தண்ணீரும் வீண் இல்லை. நைட்ரேட் கலந்த தண்ணீர், செடிக்கு உரம் கலந்த தண்ணீர். மல்லிகைக்குப் பேர் போன ஊரில் கொல்லையில் ரெண்டு மல்லிச் செடி இல்லாத வீடா? அதற்கு எப்படியும் ஒரு குடம் ஊற்றத்தான் போகிறோம். மீனுக்கு ஊற்றிய குடமே மறுவாரம் மல்லிக்கு. பற்றும் வரவும் சரியாகிவிட்டது.

ஆக, மீன் வளர்க்கத் தெரியாதவன்தான் தண்ணீரை அதிகம் செலவழிக்கிறான். தெரிந்தவன் மிச்சம் பிடிக்கிறான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டுத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும் என்பது மீன் வளர்ப்பின் முதல் பாடம். தினமும் குழாயில் தண்ணீர் பார்ப்பவர்கள் இதை நினைவு வைத்துச் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் எந்தத் தண்ணீரும் நாலு நாள் டிரம்மில் கிடந்த தண்ணீர்தான். பஞ்சம் சொல்லிக்கொடுத்த பாடம்.

*

இந்த ஹால் தொட்டி எங்கிருந்து வந்தது? 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்கிற வேதியியல்காரர் ஒரு பரிசோதனை செய்தார். 12 காலன் கண்ணாடித் தொட்டி. அது சுமார் 54 லிட்டர், அச்சாகத் தம்பி தொட்டியின் அளவு. அதில் மண், கூழாங்கல், நாடா மாதிரி நீள இலை உள்ள வாலிஸ்னேரியா என்கிற நீர்ச்செடி. மீன் எத்தனை தெரியுமா? ரெண்டு! கொஞ்ச நாளில் செடியின் இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. மனுஷன் தண்ணீரைக் கொட்டவில்லை. சில நத்தைகளை விட்டார். அவை அழுகியதைத் தின்றன. மீனின் கழிவு செடிக்கு, செடியின் ஆக்ஸிஜன் மீனுக்கு, மிச்சம் மீதி நத்தைக்கு என்று தண்ணீர் தெளிந்தது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று தனிக் கட்டடம் வந்தது. 1854-ல் பிலிப் ஹென்றி காஸ், ‘அக்வேரியம்’ என்ற பெயரிலேயே புத்தகம் போட, இங்கிலாந்து முழுக்க அந்தப் பைத்தியம் பிடித்தது. மெட்ராஸும் சளைக்கவில்லை. 1909-ல் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்துவிட்டார்கள்.

கவனியுங்கள். இந்தக் கலையின் ஆரம்பமே சமநிலை பற்றியது. ஒன்றின் கழிவு இன்னொன்றின் சாப்பாடு. நாம் அந்தச் சமநிலையைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடியையும் விளக்கையும் மட்டும் வாங்கினோம். செடிக்குப் பதில் பிளாஸ்டிக். நத்தைக்குப் பதில் கப்பல். ரெண்டு மீனுக்குப் பதில் ஒன்பது. இதுதான் என் முக்கியமான குற்றச்சாட்டு. நம் வீட்டு மீன் தொட்டி, மீனுக்காக அமைக்கப்பட்டதே இல்லை. சோபாவுக்கு எதிரே எது அழகாக இருக்கும் என்பதற்காக அமைக்கப்பட்டது.

இதன் உச்சம் ஃபிளவர்ஹார்ன். மலேசியா பக்கம் 1990-களில் கலப்பினமாக உருவாக்கிய மீன். நெற்றி வீங்கியிருக்கும். உடம்பில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளைச் சீன எழுத்தாகப் படித்து அதிர்ஷ்டம் சொல்வார்கள். நம் ஊரிலும் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, முதலாளி நாற்காலிக்குப் பின்னால் வைக்கிறார்கள். மீனின் முதுகைப் படிக்கிற கண், அது விடுகிற மூச்சைப் படிப்பதில்லை.

கிண்ண விவகாரம் இன்னொன்று. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றைத் தங்க மீனை விட்டு மேஜைமேல் வைப்பது. இத்தாலியில் மோன்சா நகரம் 2004-ல் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைக்கத் தடை போட்டது. ரோம் 2005-ல் போட்டது. அன்றைக்கு அந்தச் செய்தியைப் படித்து, ‘இவனுகளுக்கு வேற வேலையே இல்லையா’ என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது சிரிக்கத் தோன்றவில்லை. ரெண்டு லிட்டர் தண்ணீரில் ஃபில்டர் இல்லாமல் ஓர் உயிரை வைப்பது, ஆட்டோ டிக்கியில் ஆளைக் குடிவைப்பது மாதிரிதான்.

*

‘சரிய்யா, எங்களுக்கு உப்புத் தண்ணிதான் இருக்கு. அப்போ மீனே வளக்கக் கூடாதா?’ என்று கேட்பீர்கள். தாராளமாக வளர்க்கலாம். தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்கினால். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். கொளத்தூரிலிருந்து வந்த பாக்கெட்டில் எது மினுங்குகிறதோ அதை எடுக்கிறார்கள்.

நியான் டெட்ரா என்று நீலமும் சிவப்புமாக ஒன்று மின்னும். அமேசான் காட்டு ஓடைக்காரன். அந்தத் தண்ணீர் மழைத் தண்ணீர் மாதிரி மென்மையானது. அவனைக் கொண்டுவந்து எங்கள் போர் தண்ணீரில் விட்டால் ரொம்பநாள் தாங்க மாட்டான். அவன்தான் வேண்டும் என்றால், 2003-லிருந்து சட்டப்படி வீட்டுக்கு வீடு இருக்க வேண்டிய மழைநீர்த் தொட்டி உண்மையிலேயே உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் மோலி, கப்பி, பிளாட்டி எல்லாம் உப்பும் கடினமுமான தண்ணீரில்தான் சந்தோஷமாக இருக்கும். அதிலும் மோலி, கடல் கழிமுகத்து உப்பையே தாங்கும். சோப்பு நுரைக்காத தண்ணீர் அதற்குச் சொந்த ஊர். விலையும் குறைவு. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? விலை குறைவு என்பதற்காகவே அதைத் தள்ளிவிடுகிறோம்.

அடுத்த பிரச்னை கரண்ட். 2012 ஞாபகம் இருக்கிறதா? தென்மாவட்டங்களில் ஒருநாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. விசைத்தறிச் சத்தம் நின்ற அருப்புக்கோட்டைத் தெருவை அப்போதுதான் கேட்டேன். தறி நின்றால் கூலி போகும். ஏர் பம்ப் நின்றால் மீன் போகும். நெரிசலாக மீன் வைத்த தொட்டியில் சில மணி நேரமே போதும். அன்றைக்கு எத்தனை வீட்டுத் தொட்டி மொட்டை மாடிக்குப் போனதோ!

ஆனால் கரண்டை நம்பாத மீன்களும் உண்டு. ஃபைட்டர், கவுராமி எல்லாம் செவுளோடு கூட, மேலே வந்து காற்றையே நேராகக் குடிக்கும் உறுப்பு உள்ளவை. அந்தக் கூட்டத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார்: பனையேறிக் கெண்டை. 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்கிற டேனிஷ் ராணுவ அதிகாரி, பனை மரத்தின் பட்டை இடுக்கில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதிவைத்தார். லண்டனில் அச்சான அந்தக் குறிப்பைப் பற்றி விஞ்ஞானிகள் ரொம்ப காலம் அடித்துக்கொண்டார்கள். மரம் ஏறுமா ஏறாதா என்பது இருக்கட்டும். மழை நாளில் தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகும். அதை நம் பக்கத்துச் சம்சாரிகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வற்றிய கண்மாய்ச் சேற்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்து, மழை வந்ததும் எழுந்து வருகிற விரால், கெளுத்தி கதையும் இதேதான். வறட்சிக்கென்றே பயிற்சி எடுத்த மீன்கள்.

தம்பியிடம் சொன்னேன், “பனையேறி ரெண்டு விட்டுப் பாருடா. தொட்டிக்கு மூடி மட்டும் போட்ரு, இல்லாட்டி ஹால்ல நடக்கும்.” நான் முடிப்பதற்குள் தம்பி சம்சாரம் சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தது: “மாமா, அத எதுக்குக் கண்ணாடிக்குள்ள விடணும்? குழம்பு வச்சுருவோம்ல.”

நியாயம்தான். நம் ஊர் மீன் என்றால் குழம்பு. வெளியூர் மீன் என்றால் ஷோகேஸ்.

*

இப்போது என் அப்பத்தா வீட்டுத் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். திருச்சுழி என்ற பெயருக்கு ஊர்ப் புராணம் சொல்கிற காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பிரளய வெள்ளம் வந்தபோது ஈசன் சூலத்தால் பூமியில் துளைபோட, வெள்ளம் முழுக்கச் சுழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டதாம். ‘அன்னைக்குப் போன தண்ணிதான், இன்னும் திரும்பி வரல’ என்பது அப்பத்தாவின் பொழிப்புரை.

அப்பத்தா வீட்டுக் கொல்லையில் ஒரு சிமென்ட் தொட்டி. அதில் விரல் நுனி அளவு மீன்கள். சுகாதாரத் துறை ஆட்கள் கொசுப் புழு தின்பதற்காக விட்டுவிட்டுப் போனவை. விளக்கு இல்லை, பம்ப் இல்லை, தீனி இல்லை. புழுவைத் தின்னும், பாசியைத் தின்னும், குட்டி போடும். தண்ணீர் வருகிற அன்றைக்கு அப்பத்தா தொட்டியில் ஒரு பகுதியை மொண்டு மாட்டுக்கும் செடிக்கும் ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்பும். முழுக்கக் காலி செய்யவே செய்யாது. ‘அடித்தண்ணி கெடக்கட்டும், அதுலதான் உசுரு இருக்கு’ என்று சொல்லும். பாக்டீரியா என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அந்தப் பாடம் அதற்குத் தெரிந்திருந்தது.

அந்த மீனுக்கு ஒரு வேலை இருந்தது என்பதைக் கவனியுங்கள். டெங்கு கொசு சாக்கடையில் முட்டை போடாது. தேக்கிவைத்த நல்ல தண்ணீரில்தான் போடும். முட்டை கொசுவாகப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். வாரக் கணக்கில் தண்ணீரைப் பிடித்துவைக்க வேண்டிய ஊரில், ஒவ்வொரு தொட்டியும் டெங்குவுக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே மீன் காவலுக்கு நின்றது. வறண்ட ஊரின் உண்மையான மீன் தொட்டி அதுதான். ஹாலில் இருப்பது அதன் சினிமா ரீமேக்.

ஆனால் அப்பத்தா காலத்து விஷயத்தை அப்படியே புகழ்ந்துவிட்டுப் போகவும் முடியாது. கொசுவைத் தின்ன 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீன், உலகத்தின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. சிமென்ட் தொட்டிக்குள் இருக்கும்வரை அது காவல்காரன். கண்மாய்க்குள் போனால் மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிற கொள்ளைக்காரன்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தை உங்கள் பிள்ளைகளோடு பார்த்திருப்பீர்கள். சிட்னியில் ஒரு பல் டாக்டர் கிளினிக் மீன் தொட்டி. தப்பிக்க நினைக்கும் மீன்கள் முதலில் கைவைப்பது எங்கே? ஃபில்டரில்! அதை அடைத்தால் தண்ணீர் கெடும், தண்ணீர் கெட்டால் டாக்டர் தொட்டியைக் கழுவுவார், அப்போது தப்பிக்கலாம். மீன் தொட்டியின் உயிர் ஃபில்டரில் இருக்கிறது என்று ஒரு கார்ட்டூன் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. படமாக அது அற்புதம். ஆனால் அது பார்ப்பவர் மனசில் விட்டுப்போகிற முடிவு, ‘மீனை விடுதலை செய்’ என்பது. அங்கேதான் எனக்கு உறுத்தல்.

நாமும் விடுதலை செய்கிறோம். அலுத்துப்போனாலோ, வீடு மாறினாலோ, மீன் பெரிதாகிவிட்டாலோ ஒரு வாளியில் கொண்டுபோய்க் கண்மாயில் விட்டுவிட்டு, புண்ணியம் செய்த திருப்தியோடு வருகிறோம். ‘டேங்க் கிளீனர்’ என்று ரெண்டு அங்குலத்தில் விற்கிறார்களே, சக்கர் மீன், அது தென் அமெரிக்காக்காரன். ஒன்றரை அடி வளரும். தோல் கவசம் மாதிரி. நம்மவர்கள் யாரும் சமைப்பதில்லை. வலையைக் கிழிக்கும். கரையில் வளை தோண்டும். தமிழ்நாடு, ஆந்திரா, கேரளா, மேற்கு வங்கம் என்று பல மாநில நீர்நிலைகளில் அது பெருகிவிட்டது. காஷ்மீரின் தால் ஏரியில் 2023-ல் வட அமெரிக்காவின் முதலைமூக்கு மீனே கிடைத்தது. அது என்ன நடந்தா போனது?

எங்கள் பக்கம் கண்மாய்க் கரை வெறும் மண் கரை. அதில் வளை தோண்டினால் என்ன ஆகும் என்று விவசாயியைக் கேளுங்கள். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தாவையும் வலையையும் தூக்கிக்கொண்டு இறங்குகிற மீன்பிடித் திருவிழா இன்னும் இருக்கிறது. கெண்டையும் கெளுத்தியும் விராலும் அள்ளுகிற அந்த ஊத்தாவுக்குள் ஒருநாள் வரிசையாகச் சக்கர் மீனே வந்தால்? அன்றைக்கு அந்தத் திருவிழா முடிந்தது. அதை முடித்துவைத்தது நம் ஹாலில் இருந்த அழகுப் பொருளாக இருக்கும். வளர்க்க முடியவில்லையா, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், வளர்க்கிற இன்னொருவருக்குக் கொடுங்கள். கண்மாயில் விடாதீர்கள். அது புண்ணியக் கணக்கில் வராது.

*

இதையெல்லாம் ஒருநாள் தம்பி மகளிடம் சொன்னேன். அவள் கேட்ட கேள்விக்குத் தாமதமான பதில். பிள்ளைகள் விசித்திரமானவர்கள். நாம் ‘போரடிக்கும்’ என்று நினைக்கிற இடத்தில்தான் அவர்களுக்குக் கண் விரிகிறது. பாக்டீரியா குடியேறுகிற கதையை மூன்று தடவை கேட்டாள்.

அப்புறம் தொட்டி அவள் நிர்வாகத்துக்குப் போனது. கப்பல் போனது, சிப்பி போனது. ஒரு கொத்து நாடாச் செடி வந்தது. ஐந்து வாரம் தொட்டியில் மீனே இல்லை. ஒரு சிட்டிகை தீனியை மட்டும் தண்ணீரில் போட்டு அழுக விட்டாள், பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், “என்ன, தண்ணிய வளக்குறீங்களா?” என்று கேலி செய்தார்களாம். கேலியாகச் சொன்னாலும் அதுதான் உண்மை. மீன் வளர்ப்பு என்று ஒன்று கிடையாது. தண்ணீர் வளர்ப்புதான். தண்ணீரை வளர்த்தால் மீன் தானாக வளரும். தண்ணீரைக் குடத்தில் எண்ணி வளர்ந்த எங்கள் ஊருக்கு இது மற்றவர்களைவிட முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாவது வாரம் நாலு மோலி வந்தது. ரெண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மட்டும் தீனி. ஞாயிற்றுக்கிழமை ஒரு குடம் எடுத்து மல்லிச் செடிக்கு. டிரம்மிலிருந்து ஒரு குடம் தொட்டிக்கு. குட்டி போட்டது, எட்டு மாதம் ஓடிவிட்டது.

விமர்சனம் என்றால் மார்க் போட வேண்டும். தம்பியின் முதல் தொட்டிக்கு நூற்றுக்கு 12, அதுவும் விளக்குக்காக. இரண்டாவது தொட்டிக்கு மார்க் போடலாம் என்று இருந்தபோது, போன வாரம் போன் வந்தது. ஒரு மோலி செத்துவிட்டது. நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் சமாதானம் கேட்டு போன் செய்யவில்லை.

“பெரியப்பா, அது வயசாயிச் செத்துச்சா, தண்ணியால செத்துச்சா?”

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துப் பார் என்றேன். விசாரணை நடந்ததாம். நாலு நாளைக்கு முன்னால் ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்தது யார் என்று வீட்டில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள்.

தம்பி இதுவரை வாயைத் திறக்கவில்லை.